உள்ளங்கை அளவு பச்சை

ஆரியங்காவு தாண்டி வந்தபோது
அது வண்டியாக வரவில்லை.
"பழைய இரும்பு, நானூற்றுப் பத்து கிலோ" என்று
புளியரைச் சோதனைச் சாவடியில் எழுதிக்கொடுத்து
ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு அடியில்
சக்கரம் தனியே சட்டம் தனியே வந்தது.

குரியாக்கோஸ் எஸ்டேட்டில்
மாட்டுத் தீவனம் அடைத்துவைத்திருந்த கார்.
முன்னால் பித்தளைப் பட்டையில்
ஆறெழுத்து இருந்த இடத்தில் இரண்டுதான் மிச்சம்.
சீமையில் செய்தது, தொள்ளாயிரத்துப் பதின்மூன்று,
இந்தத் தேசத்தில் மூன்றோ நாலோ இருக்கும் என்றார் மச்சான்.
மூன்றா, நாலா? என்றேன்.
விலை அதில்தானே இருக்கிறது.

அப்புறம் பதினான்கு மாதம்.
செங்கோட்டையில் உள்ள எந்த ஸ்பானரும்
அதன் நட்டைப் பிடிக்கவில்லை.
பதினொன்று நுழையாது, பன்னிரண்டு லொடலொடக்கும்.
அங்குலத்தை எட்டாய்ப் பதினாறாய்க் கீறிய கணக்கு அது.
மதுரையில் பழைய மில் ஏலத்தில்
சீமை ஸ்பானர் ஒரு செட்டு எடுத்தோம்.
என் வளையல் ஒன்று அதில் போனது.
ஒன்றுதான், இதைப் பெரிதாக்க வேண்டாம்.

தென்காசி லேத் உலகநாதன் பிஸ்டன் கடைந்தார்,
காசு வாங்கும்போது மட்டும் "இது ஆராய்ச்சி" என்பார்.
வால்வு ஸ்பிரிங் ஏதோ பம்புசெட்டினுடையது.
விளக்குக் கண்ணாடி பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடையில்.
ஹாரன் ரப்பர், மன்னிக்கணும், ஐஸ்காரரிடம்.
அந்தோணிப்பிச்சை ஆறு கோட்டு அடித்தார்,
குங்குமச் சிவப்பு,
அதில் பார்த்து நான் முக்காடு சரிசெய்துகொள்ளலாம்.
பித்தளையைப் புளிபோட்டு நான்தான் தேய்த்தேன்.
இருந்த இரண்டு எழுத்தில் ஒன்றைத்
தேய்த்தே தீர்த்துவிட்டேன் என்பது
காய்ந்த பிறகு தெரிந்தது.

முதல் நாள் இலஞ்சி விலக்கு வரை ஓடிற்று,
திரும்பும்போது நாங்கள் ஓடினோம், தள்ளிக்கொண்டு.

கொச்சியிலிருந்து வந்தார் இட்டூப் தரகன்.
தரகன் என்பது குடும்பப் பெயர்;
தரகு அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.
சிவப்பைப் பார்த்து, "கஷ்டமாயி" என்றார்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வண்டிக்கடியில் மல்லாந்து போனார்.
வெளியே வந்து கழிக்க ஆரம்பித்தார்.
பெயிண்டுக்கு எண்பதாயிரம் குறைவு.
பித்தளைப் பளபளப்புக்கு நாற்பது.
"இதில ஒரிஜினல் எத்ர உண்டு?"
மச்சானுக்குக் காது சிவந்தது, கோட்டு எண்ண முடியாத சிவப்பு.

கடைசியாக சீட்டைத் தூக்கினார்.
அங்கே ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.
பயத்தில் நான் தொடாமல் விட்ட இடம்,
தொட்டதாக மச்சானிடம் சொன்ன இடம்.
பேனாக்கத்தியால் நெம்பினார்.
மண் உதிர்ந்தது.
உள்ளே பச்சை.
வாடிய முருங்கையிலைப் பச்சை, அதன் ஓரம்
யாரோ மூச்சைப் பிடித்து இழுத்த மெல்லிய மஞ்சள் கோடு,
ஒரே இடத்தில் கை நடுங்கியிருந்தது.

தரகன் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது ஆரு தொட்டது?"
யாரும் தொடவில்லை என்றேன்.
இவ்வளவு லாபமாக
நான் உண்மை சொன்னதேயில்லை.

கையை வைத்துப் பார்த்தேன்.
சரியாக என் உள்ளங்கை அளவு.
போன எண்பதும் நாற்பதும் திரும்பி வந்தன,
மேலே ஐம்பதைக் கூட்டிக்கொண்டு.
ஆறு கோட்டுக்கு அபராதம், குளவிக்குக் கூலி.
அந்தோணிப்பிச்சை கேள்விப்பட்டு இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வந்து,
"அந்தக் குளவி எந்த ஊரு?" என்றார்.

புளியரையில் லாரியை நிறுத்தினார்கள்.
அதே அதிகாரி, அதே நோட்டு.
இரும்பா வண்டியா என்றார்.
மச்சான் மேலேறி ஹாண்டிலைச் சுற்றினார்,
நாலாவது சுற்றில் இருமி, தும்மி,
பின்னால் நின்ற வாழைத்தார் லாரிக்காரர் கைதட்டும்படி
பிடித்துக்கொண்டது.
வண்டி, ஒன்று என்று எழுதிக்கொண்டார்.
அந்தக் கிலோக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

ஸ்பானர் செட்டைத் தரகன் எடுத்துப்போகவில்லை.
இருபத்திரண்டில் ஒன்று மட்டும்
எங்கள் தெருக்குழாய் வால்வுக்குப் பொருந்துகிறது.
தண்ணீர் விடும் நாளில் எதிர்வீட்டுக்காரர்
கேட்டு வாங்கிப்போகிறார்.
திருப்பித் தந்துவிடுகிறார்,
இதுவரை.